பிமேப் கட்டளையால் ஒரு செயல்முறையின் நினைவகத்தைப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் சேவையகங்களைக் கவனித்துக்கொள்பவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி, "இந்த புரோகிராம் எவ்வளவு மெமரி எடுத்துக்கொள்கிறது?" என்பதுதான். கேட்பவர் ஒரே ஓர் எண்ணை எதிர்பார்க்கிறார். ஆனால் ஒரு செயல்முறையின் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின்) நினைவகத்துக்கு ஒரே எண் கிடையாது. பல எண்கள் உண்டு, அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடை. எந்த எண் எந்தக் கேள்விக்குரியது என்பது தெரியாமல் போவதால்தான் தேவையே இல்லாத இடத்தில் ரேம் வாங்கப்படுகிறது, உண்மையான கசிவு (எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராமல் சேர்த்துக்கொண்டே போவது) கண்ணில் படாமல் நழுவுகிறது. அந்த எண்களைப் பிரித்துக் காட்டும் பிமேப் என்ற கட்டளைவரிக் கருவியைப் பற்றியே இங்கே எழுதியிருக்கிறேன். கட்டளைப் பெயர்களை ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். பிமேப் என்பது பி, எம், ஏ, பி ஆகிய நான்கு எழுத்துகள்.

பிமேப் எங்கிருந்து வருகிறது? தனியாக நிறுவ வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. பிஎஸ், டாப், ஃப்ரீ ஆகிய கட்டளைகளைத் தரும் ப்ராக்பிஎஸ் தொகுப்பிலேயே பிமேப்பும் இருக்கிறது. இதே பெயரில் சோலாரிஸ் இயங்குதளத்திலும் ஒரு கருவி உண்டு. பிமேப் தானாக எதையும் அளப்பதில்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் ஒவ்வொரு செயல்முறைக்கும் ப்ராக் கோப்பகத்துக்குள் வைத்திருக்கும் மேப்ஸ், ஸ்மேப்ஸ் என்னும் இரண்டு கோப்புகளைப் படித்து ஒழுங்குபடுத்திக் காட்டுகிறது. ஆகவே மிகச் சிறிய கன்டெய்னர் (புரோகிராமைத் தனிமைப்படுத்தி ஓட்டும் சூழல்) படிமங்களில் பிமேப் இல்லாவிட்டாலும் தவிக்க வேண்டாம். கேட் கட்டளையால் அந்தக் கோப்புகளையே நேரடியாகப் படித்துக்கொள்ளலாம்.

எப்படி இயக்குவது?

முதலில் செயல்முறையின் எண்ணைக் கண்டறிய வேண்டும். பிஜிரெப் அல்லது பிட்ஆஃப் கட்டளைக்குப் புரோகிராமின் பெயரைக் கொடுத்தால் எண் கிடைக்கும். பிறகு பிமேப் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைக் கொடுத்தால் போதும். முதல் வரியில் செயல்முறையின் எண்ணும் அது தொடங்கப்பட்ட கட்டளையும் இருக்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு வரியும் அந்தச் செயல்முறையின் முகவரி வெளியில் (அது பயன்படுத்தக்கூடிய நினைவக முகவரிகளின் தொகுதியில்) ஒரு துண்டு: துண்டு தொடங்கும் முகவரி, கிலோபைட்டில் அதன் அளவு, அனுமதிகள், அது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்ற பெயர். கடைசி வரியில் மொத்தம். கோப்பின் முழுப் பாதையும் தெரிய வேண்டுமானால் சிறு கோட்டுடன் பி என்ற சிற்றெழுத்தைச் சேர்க்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு பதிப்புகள் நிறுவப்பட்டிருக்கும் இயந்திரத்தில் இது மிகவும் உதவும்.

அனுமதி எழுத்துகளை எப்படிப் படிப்பது?

ஆர் என்றால் படிக்கலாம், டபிள்யூ என்றால் எழுதலாம், எக்ஸ் என்றால் இயக்கலாம், எஸ் என்றால் பிற செயல்முறைகளோடு பகிரப்பட்டது. படிக்கவும் இயக்கவும் மட்டும் அனுமதியுள்ள துண்டு புரோகிராமின் நிரல். படிக்கவும் எழுதவும் அனுமதியுள்ளது தரவு. எந்த அனுமதியும் இல்லாமல் வெறும் கோடுகளாகத் தெரியும் துண்டு, காவலுக்காகவோ பிற்காலத் தேவைக்காகவோ ஒதுக்கி வைக்கப்பட்ட முகவரி. அதற்குப் பின்னால் ரேம் ஏதும் இல்லை. எழுதவும் இயக்கவும் ஒருசேர அனுமதியுள்ள துண்டைக் கண்டால் சற்று நின்று பார்க்க வேண்டும். ஓடும்போதே இயந்திர நிரலை உருவாக்கும் மொழிச் சூழல்கள் சிலவற்றில் அது இயல்பு; மற்ற புரோகிராம்களில் அது ஏன் இருக்கிறது என்று விசாரிப்பது நல்லது.

மொத்தம் 20 ஜிபி என்று காட்டுகிறது. என் இயந்திரத்திலோ 8 ஜிபிதான் இருக்கிறது. இது எப்படி?

எதையும் சேர்க்காமல் பிமேப் காட்டும் மொத்தம், முகவரி வெளியின் மொத்தம். பயன்பாட்டில் இருக்கும் ரேமின் அளவு அன்று. பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இருக்கை பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். துண்டு கிடக்கிறது, ஆள் இன்னும் உட்காரவில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: பேருந்தில் துண்டு போட்ட இடத்தில் வேறொருவர் உட்கார முடியாது, நினைவகத்தில் ஒரு செயல்முறை போட்ட துண்டு மற்றவர்களைத் தடுப்பதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு செயல்முறைக்கும் தனித்தனி முகவரி வெளி இருக்கிறது.

ஒரு முகவரியை நிரல் முதன்முறை தொடும்போதுதான் கர்னல் அதற்கு உண்மையான ரேமிலிருந்து ஒரு பக்கத்தைத் தருகிறது. எக்ஸ்86 இயந்திரங்களில் ஒரு பக்கம் 4,096 பைட். தொடாத முகவரிக்கு ரேம் செலவு இல்லை. இதனால்தான் பல புரோகிராம்கள் தாராளமாக முகவரியைப் பிடித்து வைக்கின்றன. 64 பிட் ஜாவா இயங்குசூழல், வகுப்புகளின் விவரங்களுக்கென்றே இயல்பிருப்பாக 1 ஜிபி முகவரியை ஒதுக்கிவைக்கும். நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு தொகுக்கப்பட்ட புரோகிராம் 16 டெராபைட்டுக்கு மேலேயே காட்டும். அதைப் பார்த்து யாரும் கலங்க வேண்டியதில்லை.

அப்படியானால் உண்மையில் ரேமில் இருப்பதை எப்படிப் பார்ப்பது?

சிறு கோட்டோடு எக்ஸ் என்ற சிற்றெழுத்தைச் சேர்க்க வேண்டும். இப்போது ஒவ்வொரு வரியிலும் மூன்று அளவுகள் வரும். முதலாவது கேபைட்ஸ், அதாவது முன்பு பார்த்த அதே முகவரி அளவு. இரண்டாவது ஆர்எஸ்எஸ், அந்தத் துண்டில் இந்தக் கணத்தில் ரேமில் இருக்கும் பகுதி. மூன்றாவது டர்ட்டி, அவற்றுள் எழுதி மாற்றப்பட்ட பக்கங்களின் அளவு.

பலரும் ஆர்எஸ்எஸ் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் அதைவிடப் பயனுள்ளது மூன்றாவது எண். ஒரு நூலகக் கோப்பின் (பல புரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் ஆயத்த நிரலின்) பக்கம் ரேமில் இருக்கிறது, யாரும் அதை மாற்றவில்லை என்றால், நெருக்கடி வரும்போது கர்னல் அதைத் தயக்கமின்றித் தூக்கி எறியலாம். தேவைப்பட்டால் வட்டிலிருந்து மறுபடி படித்துக்கொள்ளும். புரோகிராம் தானே எழுதி நிரப்பிய பக்கத்துக்கு வேறெங்கும் நகல் இல்லை. அது ரேமில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் ஸ்வாப்புக்கு, அதாவது ரேமில் இடம் போதாதபோது பக்கங்களை வைக்கும் வட்டுப் பகுதிக்கு, போக வேண்டும். ஸ்வாப் இல்லாத சேவையகத்தில் அந்தப் பக்கத்துக்குப் போக்கிடமே இல்லை. ஆகவே, "இந்தப் புரோகிராம் இந்த இயந்திரத்துக்கு எவ்வளவு சுமை?" என்ற கேள்விக்கு ஆர்எஸ்எஸ் தரும் விடையைவிட டர்ட்டி நெடுவரிசையின் மொத்தம் உண்மைக்கு நெருக்கமானது. ஏற்கெனவே ஸ்வாப்புக்குப் போய்விட்ட பகுதி ஆர்எஸ்எஸ், டர்ட்டி ஆகிய இரண்டிலும் வராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆர்எஸ்எஸ் குறைந்திருப்பதைப் பார்த்து நிம்மதி அடைவதற்கு முன் ஸ்வாப் அளவையும் பார்த்துவிடுங்கள்.

எல்லாச் செயல்முறைகளின் ஆர்எஸ்எஸ் அளவையும் கூட்டினால் ரேமின் அளவையே தாண்டுகிறது. எங்கே தவறு?

கூட்டலில் தவறில்லை, ஒரே பக்கம் பலமுறை எண்ணப்படுகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பகிர்ந்த இடையகம் இயல்பிருப்பாக 128 எம்பி. ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனிச் செயல்முறை தொடங்கப்படுகிறது, அவை எல்லாமே அந்த ஒரே 128 எம்பியைத் தத்தம் முகவரி வெளியில் வைத்திருக்கின்றன. பத்துச் செயல்முறைகள் அதை முழுவதும் தொட்டிருந்தால் ஒவ்வொன்றின் ஆர்எஸ்எஸ் அளவிலும் 128 எம்பி சேரும். கூட்டினால் 1,280 எம்பி. உண்மையில் செலவானது 128 எம்பி மட்டுமே. பிமேப்பில் இந்தத் துண்டு எஸ் என்ற அனுமதி எழுத்தோடு, பெரும்பாலும் ஜீரோ என்ற பெயரிலும் அருகே நீக்கப்பட்டது என்ற குறிப்போடும் தெரியும். அந்தக் குறிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெயரில்லாத பகிர்ந்த நினைவகத்தை லினக்ஸ் அப்படித்தான் காட்டும்.

இந்த இரட்டிப்பைத் தீர்க்கும் எண் பிஎஸ்எஸ். பகிர்ந்த பக்கத்தின் அளவை, அதை வைத்திருக்கும் செயல்முறைகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒவ்வொருவர் கணக்கிலும் ஒரு பங்கை மட்டும் சேர்க்கிறது. மேற்கண்ட பத்துச் செயல்முறைகளுக்கும் தலா 12.8 எம்பி. இந்த எண்ணைக் கூட்டலாம், கூட்டுத்தொகைக்குப் பொருளும் உண்டு. பிமேப்பில் இதைப் பார்க்க எக்ஸ் எழுத்தைப் பேரெழுத்தாகத் தர வேண்டும்; அப்போது பிஎஸ்எஸ், ஸ்வாப் ஆகியவற்றோடு வேறு பல நெடுவரிசைகளும் வரும். பேரெழுத்து எக்ஸை இரட்டித்துத் தந்தால் கர்னல் தரும் அனைத்தும் வந்துவிடும். வரிகள் மிக நீளமாக இருக்கும் என்பதால் வெளியீட்டை லெஸ் கட்டளைக்கு அனுப்பி, அதில் வரி மடிப்பை நிறுத்திவிட்டுப் படிப்பது வசதி.

ஒரு செயல்முறையைக் கொன்றால் எவ்வளவு ரேம் திரும்பக் கிடைக்கும் என்பது இன்னொரு கேள்வி. அதற்கு பிஎஸ்எஸ் விடை அன்று. இரட்டை எக்ஸ் வெளியீட்டில் உள்ள தனிப்பட்ட தூய பக்கங்கள், தனிப்பட்ட மாற்றப்பட்ட பக்கங்கள் ஆகிய இரண்டின் கூட்டுத்தொகையே விடை, ஏனென்றால் அவற்றை வேறு யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை.

சிறு கோட்டுடன் டி என்ற சிற்றெழுத்தைச் சேர்த்தால் கடைசி வரியில் 'எழுதத்தக்கது, தனிப்பட்டது' என்று ஓர் எண் வருகிறதே, அதை எடுத்துக்கொள்ளலாமா?

எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவும் முகவரி அளவைத்தான் கூட்டுகிறது, ரேமில் இருப்பதை அன்று. பழைய வழிகாட்டிகள் பல இதையே உண்மையான பயன்பாடு என்று எழுதிவிட்டதால் குழப்பம் தொடர்கிறது.

அனான் என்று பெயரிட்ட வரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இவற்றில் ஹீப் எது?

எந்தக் கோப்போடும் தொடர்பில்லாத துண்டுகளுக்குப் பிமேப் தரும் பொதுப்பெயர் அது. சாதாரண வெளியீட்டில், புரோகிராம் ஓடும்போது கேட்டுப் பெறும் நினைவகமான ஹீப்பும் அதே பெயரில்தான் வரும். பேரெழுத்து எக்ஸைப் பயன்படுத்தினால் ஹீப் என்ற பெயர் தனியாகத் தெரியும். ஆனால் ஒரு சி புரோகிராம் நினைவகம் கேட்கும் செயற்கூறான மாலாக் வழியாகக் கேட்கும் எல்லாமே அந்த ஒரு துண்டுக்குள் அடங்கிவிடும் என்று எண்ணக்கூடாது. லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியில், 128 கேபி என்னும் தொடக்க எல்லையைத் தாண்டிய வேண்டுகோள்களுக்குத் தனித் துண்டே ஒதுக்கப்படுகிறது. அந்த எல்லையும் ஓட்டத்தின்போது உயரக்கூடியது. அவை எல்லாம் அனான் வரிகளாகவே நிற்கும்.

இழைகளின் (ஒரே செயல்முறைக்குள் இணையாக ஓடும் வேலைகளின்) ஸ்டேக்குகளும், அதாவது செயற்கூறுகளின் தற்காலிகத் தரவு இருக்கும் இடங்களும், அப்படித்தான். 4 கேபி அளவில் அனுமதியே இல்லாத ஒரு வரியும், அதை ஒட்டி 8,192 கேபி அளவில் எழுதத்தக்க ஒரு வரியும் சேர்ந்து வந்தால், அது ஏறத்தாழ உறுதியாக ஓர் இழையின் ஸ்டேக். சிறிய வரி காவல் பக்கம், பெரிய வரி இயல்பிருப்பான 8 எம்பி ஸ்டேக். இத்தகைய இணைகளை எண்ணினாலே அந்தப் புரோகிராமில் ஏறத்தாழ எத்தனை இழைகள் ஓடுகின்றன என்பது தெரிந்துவிடும்.

132 கேபி, 65,404 கேபி என்ற இணை மீண்டும் மீண்டும் வருகிறது. இது கசிவா?

இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 65,536 கேபி, அதாவது சரியாக 64 எம்பி. இது ஜிலிப்சி நூலகத்தின் அரீனா என்னும் அமைப்பு. பல இழைகள் ஒரே நேரத்தில் நினைவகம் கேட்கும்போது ஒன்றையொன்று காத்திருக்கச் செய்யக் கூடாது என்பதற்காக, நூலகம் இழைகளுக்குத் தனித்தனிக் கிடங்குகளை அமைத்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு கிடங்குக்கும் 64 எம்பி முகவரியைப் பிடித்து, தொடக்கத்தில் 132 கேபியை மட்டும் எழுதத்தக்கதாகத் திறந்து, மீதியை அனுமதியின்றிப் பூட்டி வைக்கிறது. பயன்பாடு வளர வளர முதல் வரி பெருகும், இரண்டாவது சுருங்கும், கூட்டுத்தொகை மாறாது.

64 பிட் இயந்திரத்தில் இத்தகைய அரீனாக்களின் உச்ச வரம்பு, இயல்பிருப்பாகச் செயலிக் கருக்களின் எண்ணிக்கையைப் போல் எட்டு மடங்கு. 16 கருக்கள் என்றால் 128 அரீனாக்கள், முகவரிக் கணக்கில் 8 ஜிபி. முகவரி மட்டும்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் இழைகள் நிறைய இருந்து, ஒவ்வொரு கிடங்கிலும் கொஞ்சம் கொஞ்சம் காலியிடம் சிதறிக் கிடந்தால் உண்மையான ரேமும் வீணாகும். நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில் ஒரு சேவை நாள்தோறும் வீங்கிக்கொண்டே போனது. கசிவைத் தேடி நிரலை வரிவரியாகப் படித்துக் களைத்த பிறகுதான் பிமேப்பை இயக்கினோம். வரிசை வரிசையாக 64 எம்பி இணைகள் நின்றன. ஒவ்வொன்றிலும் டர்ட்டி எண் பாதியளவு நிரம்பியிருந்தது. மாலாக்_அரீனா_மேக்ஸ் என்ற சூழல் மாறிக்கு 2 என்ற மதிப்பைக் கொடுத்துச் சேவையை மறுபடி தொடங்கியதும் வீக்கம் நின்றது. நிரலில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. ஆனால் இதை எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது: கிடங்குகள் குறைந்தால் இழைகள் பூட்டுக்காகக் காத்திருக்கும், வேகம் குறையலாம். மாற்றும் முன்பும் பின்பும் அளந்து பாருங்கள்.

உண்மையான கசிவைப் பிமேப்பால் கண்டுபிடிக்க முடியுமா?

எந்த வகைக் கசிவு என்பதைக் கண்டுபிடிக்கலாம். நிரலின் எந்த வரி என்பதைக் கண்டுபிடிக்க முடியாது. பேரெழுத்து எக்ஸ் வெளியீட்டைச் சீரான இடைவெளியில், வழக்கமான சுமை இருக்கும் நேரத்தில், தேதியிட்ட கோப்புகளில் சேமித்து வாருங்கள். பிறகு டிஃப் கட்டளையால் இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு, வளர்ந்த வரிகளை மட்டும் பாருங்கள். ஹீப் துண்டு ஒன்று மட்டும் வளர்ந்தால் சிறுசிறு பொருள்கள் விடுவிக்கப்படாமல் சேர்கின்றன. 8,192 கேபி இணைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் இழைகள் முடியாமல் தேங்குகின்றன. ஒரே கோப்பின் பெயரில் வரும் வரிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால், கோப்பை நினைவகத்தில் பொருத்திய நிரல் அதை விடுவிக்க மறந்திருக்கிறது.

துண்டுகளின் எண்ணிக்கைக்கே ஒரு வரம்பு உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. கர்னலின் இயல்பிருப்பு 65,530. சில வழங்கல்கள் இதை உயர்த்தி வைத்திருக்கின்றன. அந்த வரம்பைத் தொட்டுவிட்டால், ரேம் ஏராளமாகக் காலியாக இருக்கும்போதே நினைவகம் இல்லை என்ற பிழை வரும். அப்படிப்பட்ட பிழை வந்தால் பிமேப் வெளியீட்டின் வரிகளை டபிள்யூசி கட்டளையால் எண்ணிப் பாருங்கள்.

தொடங்கிய சில மணி நேரம் வளர்ந்து பிறகு சமன்படுவது கசிவு அன்று. அது பெரும்பாலும் தற்காலிகச் சேமிப்பு நிரம்புவது. குறைந்தது மூன்று நான்கு அளவீடுகளாவது இல்லாமல் கசிவு என்று முடிவு கட்டாதீர்கள். வகை தெரிந்த பிறகு நிரலின் வரியைத் தேட வால்கிரைண்ட், ஹீப்டிராக் போன்ற கருவிகளுக்குப் போகலாம்.

நினைவகத்தை விடுவித்த பிறகும் ஆர்எஸ்எஸ் குறையவில்லையே?

விடுவிப்பது என்றால் முதலில் நூலகத்திடம் திருப்பித் தருவது. நூலகம் அதைக் கர்னலிடம் தந்தால்தான் ஆர்எஸ்எஸ் குறையும். ஜிலிப்சி ஹீப்பின் மேல்நுனியில் இருக்கும் காலியிடத்தைத்தான் தானாகத் திருப்பித் தருகிறது. நுனியில் ஒரே ஒரு சிறு பொருள் உயிரோடு இருந்தால்கூட அதற்குக் கீழே உள்ள காலியிடம் அப்படியே நிற்கும். மாலாக்_ட்ரிம் என்ற செயற்கூற்றை அழைத்தால் நடுவில் இருக்கும் முழுக் காலிப் பக்கங்களும் திரும்பும்.

கோ மொழியில் வேறொரு காரணம் இருந்தது. 1.12 பதிப்பிலிருந்து 1.15 வரை, லினக்ஸில் அது பக்கங்களை, வேண்டியபோது எடுத்துக்கொள் என்று கர்னலிடம் குறித்துவைத்தது. கர்னலுக்கு நெருக்கடி வரும்வரை அவை ஆர்எஸ்எஸ் கணக்கிலேயே நின்றன. பார்ப்பவர்கள் கசிவென்று நினைத்தார்கள். 1.16 பதிப்பில் பழைய முறைக்கே திரும்பினார்கள். இத்தகைய பக்கங்கள் இரட்டை எக்ஸ் வெளியீட்டில் லேஸிஃப்ரீ என்ற நெடுவரிசையில் தனியாகத் தெரியும்.

வேறொரு பயனரின் செயல்முறையைப் பார்க்க முடியவில்லை.

முடியாது, முடியவும் கூடாது. முகவரி வரைபடம் தெரிந்தால் தாக்குபவருக்கு அது பெரிய உதவி என்பதால், உங்கள் சொந்தச் செயல்முறைகளை மட்டும் பார்க்கக் கர்னல் அனுமதிக்கிறது. மற்றவற்றுக்கு நிர்வாகி உரிமை தரும் சூடோ தேவை. இதே காரணத்தால், பிமேப் வெளியீட்டைப் பொதுவெளியில் ஒட்டுவதற்கு முன் இருமுறை யோசியுங்கள்.

உண்மையான பயனர்களுக்குச் சேவை தரும் உற்பத்திச் சேவையகத்தில் இதை இயக்குவது பாதுகாப்பானதா?

எதையும் சேர்க்காத பிமேப் இலகுவானது. ஆனால் எக்ஸ் வகை விருப்பங்கள் ஸ்மேப்ஸ் கோப்பைப் படிக்கின்றன. அதற்காகக் கர்னல் அந்தச் செயல்முறையின் பக்க அட்டவணைகளை முழுவதும் நடந்து எண்ண வேண்டும், எண்ணும் நேரத்தில் அதன் நினைவக அமைப்பின் மீது ஒரு பூட்டையும் பிடிக்கிறது. சில நூறு எம்பி புரோகிராமுக்கு இது தெரியாது. பல்லாயிரம் எம்பி வைத்திருக்கும் தரவுத்தளத்தில், அதே நேரத்தில் நினைவகம் கேட்கும் இழைகள் சற்றுத் தடைபடலாம். விநாடிக்கு ஒருமுறை கண்காணிப்பு நிரலிலிருந்து இதை அழைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மொத்த எண்கள் மட்டும் போதுமென்றால், 4.14 கர்னலில் சேர்க்கப்பட்ட ஸ்மேப்ஸ்_ரோல்அப் கோப்பைப் படியுங்கள். கர்னலே கூட்டிக் கொடுத்துவிடுவதால் செலவு குறைவு.

டாப் காட்டும் எண்ணும் பிமேப் காட்டும் எண்ணும் சற்று வேறுபடுகின்றன.

டாப் படிப்பது கர்னல் வேகத்துக்காகத் தோராயமாக வைத்திருக்கும் எண்ணிக்கை. ஸ்மேப்ஸ் ஒவ்வொரு பக்கமாக எண்ணுகிறது. வேறுபட்டால் பிமேப் காட்டுவதையே நம்புங்கள்.

கன்டெய்னரின் நினைவகக் கணக்கோடு இது பொருந்தவில்லை. ஏன்?

கன்டெய்னரின் கணக்கில், அதற்குள் படிக்கப்பட்ட கோப்புகளின் தற்காலிக நகல்களும் சேரும். அவை எந்தச் செயல்முறையின் முகவரி வெளியிலும் இல்லாததால் பிமேப்பில் வராது. மேலும் கன்டெய்னருக்குள் தெரியும் செயல்முறை எண்ணும் வெளியே தெரியும் எண்ணும் வேறு. வெளியிலிருந்து பிமேப்பை இயக்கினால் வெளியே உள்ள எண்ணைத் தர வேண்டும்.

மேக், ஃப்ரீபிஎஸ்டி ஆகியவற்றில் என்ன செய்வது?

மேக்கில் விஎம்மேப் கட்டளை இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் ப்ராக்ஸ்டாட் கட்டளையோடு வி விருப்பத்தைத் தர வேண்டும். நெடுவரிசைகளின் பெயர்கள் வேறு. முகவரி அளவையும் ரேமில் இருப்பதையும் பிரித்துப் படிக்க வேண்டும் என்பது அங்கேயும் அப்படியே.

ஒரு நூலகத்தின் பெயருக்கு அருகில் நீக்கப்பட்டது என்று வருகிறது. நூலகம் காணாமல் போய்விட்டதா?

இல்லை. இயங்குதளத்தைப் புதுப்பித்தபோது வட்டில் அந்த நூலகத்தின் இடத்தில் புதிய கோப்பு வைக்கப்பட்டுவிட்டது; ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறை மட்டும் பழைய கோப்பையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓபன்எஸ்எஸ்எல் போன்ற நூலகத்தில் பாதுகாப்புத் திருத்தம் வந்து, நீங்களும் அதை நிறுவிவிட்டீர்கள் என்றாலும், அந்தச் சேவை பழைய, ஓட்டையுள்ள நிரலிலேயே ஓடுகிறது என்று பொருள். புதுப்பித்தலுக்குப் பிறகு முக்கியச் சேவைகள் ஒவ்வொன்றின் மீதும் பி விருப்பத்தோடு பிமேப்பை இயக்கி, இந்தக் குறிப்பு எந்த நூலகத்தின் வரியில் வருகிறது என்று பாருங்கள். வந்தால் அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள்.